கேடயம் வாங்கிய பள்ளிக்கூடம்

அந்தப் பள்ளிக்கு மாற்றலாகிப் போன முதல் நாள், தலைமையாசிரியர் எனக்கு என் வகுப்பைக் காட்டவில்லை. அலுவலகத்துக்கு எதிரே இருந்த கண்ணாடி அலமாரியைத்தான் காட்டினார். அதில் இரண்டு வரிசை கேடயங்கள். தூய்மைப் பள்ளி, பசுமைப் பள்ளி, வாசிப்புப் பள்ளி என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர். துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

"தோட்டத்துப் பள்ளின்னு யாரும் நம்மள லேசா நெனச்சிடக் கூடாது டீச்சர்," என்றார். "கப்பு இருக்கற வரைக்கும் ஸ்கூல மூட மாட்டாங்க."

பிறகு அலுவலகத்தை ஒட்டியிருந்த கழிவறையைத் திறந்து காட்டினார். வெள்ளை ஓடு பதித்த தரை, முகம் பார்க்கும் கண்ணாடி, அதன் கீழே பிளாஸ்டிக் ரோஜா, கைதுடைக்கும் துணி, எலுமிச்சை வாசனை. ஆசிரியர்களுக்கும் விருந்தினர்களுக்கும் மட்டும் என்று கதவில் எழுதியிருந்தது. சாவி அலுவலக எழுத்தரான கிராணியின் மேசைக்கு மேல் ஓர் ஆணியில் தொங்கும், போய்விட்டு வந்து திரும்ப மாட்டிவிட வேண்டும் என்றார்.

மலேசியாவின் கெமாஸ் டவுனிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே இருந்தது அந்தப் பள்ளி. என் வீடு அம்பாங்கானில். தினமும் போய்வர முடியாததால் கெமாஸ் டவுனில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போவேன். நாலாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியை. பிள்ளைகள் குறைவு. எல்லாருடைய முகமும் ஒரே வாரத்தில் மனதில் பதிந்துவிட்டது.

இரண்டாவது வாரம்தான் பிள்ளைகளின் கழிவறையைப் பார்த்தேன். அது கட்டடத்துக்குப் பின்னால், தடுப்புக் கம்பிவேலியை ஒட்டி இருந்தது. பத்தடி தூரத்திலேயே நெடி மூக்கைப் பிடித்துத் தள்ளியது. தொட்டியில் தண்ணீர் இல்லை. இரண்டு கதவுகளில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, இன்னொன்று கீல் பெயர்ந்து சுவரில் சாத்தியிருந்தது. குழிக்குள் என்றைக்கோ போனது அப்படியே காய்ந்து, அதன்மேல் புதிதாகப் போனதும் கிடந்தது. பச்சை ஈக்கள் என் உதட்டில் வந்து உட்கார்ந்தன. நான் வெளியே ஓடிவந்து வேலியோரம் துப்பிக்கொண்டே இருந்தேன்.

மாணவர் நலப் பிரிவைப் பார்த்துக்கொண்ட மூத்த ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தப் பள்ளியில் வெகுகாலம் இருந்தவர்.

"பியாசா லா டீச்சர்," என்றார். வழக்கம்தான், பெரிதுபடுத்தாதே என்று அதற்கு அர்த்தம். "எத்தன வாட்டி கழுவினாலும் இதுங்க இப்படித்தான் போட்டு வச்சிருக்கும். தோட்டத்துப் புள்ளைங்க. வீட்டுல பழக்கம் இல்ல."

"தண்ணியே இல்லீங்களே டீச்சர்?"

"அதெல்லாம் எழுதிப் போட்டாச்சு. வரும்."

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். என் வகுப்புப் பெண் பிள்ளைகள் கொண்டுவரும் தண்ணீர்ப் போத்தல்கள் காலையில் நிரம்பி வந்து, மதியம் நிரம்பியபடியே வீட்டுக்குப் போயின. அவர்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை. குடித்தால் போக வேண்டுமே. கடைசிப் பாடவேளையில் பலருக்கு முகம் வெளுத்து, உதடு காய்ந்திருக்கும். காலைக் காலோடு பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கணக்குப் போடச் சொன்னால் கரும்பலகையைப் பார்க்க மாட்டார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மந்தமான வகுப்பு என்று எனக்கு முன்பிருந்த ஆசிரியர் குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

கோபப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவல்ல. மூன்று மாதத்தில் எனக்கு அந்த நெடி தெரியாமல் போய்விட்டது. சாவியை ஆணியிலிருந்து எடுப்பேன், வாசனையான அறைக்குப் போய்வருவேன், திரும்ப மாட்டுவேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன். ஒரு பள்ளிக்கூடத்தின் பழக்கம் சுவரில் எழுதியிருக்கும் வாசகங்களில் இல்லை. புதிதாக வந்தவளுக்கு எத்தனை நாளில் மூக்கு மரத்துப் போகிறது என்பதில் இருக்கிறது.

மரத்துப்போனது மூக்கு மட்டுமா? வாசிப்பு மூலையில் இருந்த புத்தகங்களுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது, அழுக்காகிவிடும். அவற்றின் முன்னால் நன்றாக உடுத்திய ஐந்து பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுத்தேன். தொப்பி மாற்றி, இடம் மாற்றி, அதே ஐந்து பேரை வேறொரு திட்டத்துக்கும் எடுத்தேன். கோப்பு தடித்தது. என் வகுப்பில் கால்வாசிப் பேருக்குத் தமிழில் இரண்டு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க வராது. அவர்களுக்கு நான் போட்ட அடைவுநிலை ஆறுக்கு நாலு.

"ஒண்ணு ரெண்டெல்லாம் போட்டு அனுப்பாதீங்க டீச்சர், மேலேர்ந்து கேள்வி வரும்," என்றார் தலைமையாசிரியர். நான் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. பேனாவை எடுத்துத் திருத்தினேன்.

அந்த ஆண்டு தூய்மைப் போட்டிக்கு நீதிபதிகள் வருவதாக இருந்தது. இரண்டு வாரம் பாடமே நடக்கவில்லை. பிள்ளைகள் பூத்தொட்டிகளுக்கு வர்ணம் அடித்தார்கள். முன்சுவரில் வண்ணத்துப்பூச்சி வரைந்தார்கள். வருகிற நாளுக்கு முதல் நாள், மூத்த ஆசிரியை என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். என் வகுப்பில் ஏழு பேரின் பெயர் அதில் இருந்தது. சீருடை கிழிந்தவர்கள், தலையில் புண் உள்ளவர்கள், கேட்டால் வாசிக்கத் தெரியாதவர்கள்.

"நாளைக்கு இதுங்க வர வேணாம்னு சொல்லி அனுப்பிடுங்க. ரெஜிஸ்டர்ல காய்ச்சல்னு போட்டுக்கலாம்."

சொல்லி அனுப்பினேன். ஏழு பேரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும், "வழக்கம் போலவா டீச்சர்?" என்று கேட்டாள். போன ஆண்டும் அவளுக்கு அதே நாளில்தான் காய்ச்சல் வந்திருக்கிறது.

மறுநாள் பின்கட்டுக் கழிவறையின் வழியை ஒரு தகரத்தால் மறைத்து, பழுதுபார்ப்பு நடக்கிறது என்று மலாயில் ஒரு பலகை மாட்டினார்கள். முன்கழிவறையின் சாவி தலைமையாசிரியரின் சட்டைப்பைக்குப் போய்விட்டது. நீதிபதிகள் போகும்வரை ஆசிரியர்களும் அதற்குள் நுழையக் கூடாது. ஆக, காலை ஏழரையிலிருந்து அந்தப் பள்ளியில் யாருக்கும் கழிவறை கிடையாது.

வரவேற்புக்குப் பூத்தட்டு ஏந்த என் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கெட்டிக்காரி. என் வகுப்பில் தடங்கல் இல்லாமல் வாசிக்கிற ஐந்து பேரில் ஒருத்தி, படங்களில் எல்லாம் இருப்பவள். அவளுடைய அம்மா தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை பார்த்தார். அன்றைக்கு மஞ்சள் பட்டுப் பாவாடை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன நீதிபதிகள் பத்தரை ஆகியும் வரவில்லை. அவள் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், தண்டாஸ் போகணும்."

"கொஞ்சம் இரும்மா. இப்ப வந்துருவாங்க."

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் வந்தாள். "டீச்சர், முடியல டீச்சர்."

செம்பனைக்குள்ளே எங்காவது அழைத்துப் போயிருக்கலாம். தலைமையாசிரியரிடம் போய்ச் சாவியைக் கேட்டிருக்கலாம். அவர் அப்போது வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "பெரிய புள்ள தானே, அடக்கிக்க," என்றேன். நான் சொன்ன வார்த்தை அதுதான். மாற்றிச் சொல்ல விரும்பவில்லை.

பதினொன்றுக்குக் கார்கள் வந்தன. கொம்பாங் மேளம் முழங்க, மூன்று நீதிபதிகளும் மண்டபத்துக்குள் வந்து மேடை ஏறினார்கள். அவள் தட்டோடு அவர்கள் முன்னால் போய் நின்றாள். தலைமையாசிரியர் வரவேற்புரையைத் தொடங்கினார். அது நீண்டது. மேடையில் பச்சைக் கம்பளம் விரித்திருந்தார்கள். பாவாடைக்குக் கீழே அந்தக் கம்பளம் கறுத்துக்கொண்டே வந்ததை முதலில் பார்த்தது முன்வரிசையில் இருந்த பிள்ளைகள். பிறகு நான் பார்த்தேன். அவள் தட்டை ஆட்டவே இல்லை. கண்ணை நேராக வைத்துக்கொண்டு நின்றாள். பூத்தட்டு அசையவில்லை, கீழே மட்டும் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிள்ளைகள்தான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் இரண்டு ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நீதிபதிகளில் ஒரு அம்மாள் மட்டும் எழுந்து, தன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். நான் போய் அவளைக் கையைப் பிடித்து இறக்கினேன். அவளை எங்கே கொண்டு போய்க் கழுவுவது? கெண்டினில் பாத்திரம் கழுவுகிற குழாயடியில் வைத்துக் கழுவினேன். அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

நீதிபதிகள் முன்கழிவறையைப் பார்த்தார்கள், ரோஜாவைப் பார்த்தார்கள், மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்கள். நமக்கு இரண்டாம் இடம் என்று அடுத்த வாரம் செய்தி வந்தது. அன்றைக்கு ஆசிரியர் அறையில் பிரியாணி. நானும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. இன்னொரு கோழித்துண்டு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் அந்த எண்ணெய் தொண்டையில் நிற்கிறது.

அதற்குள் பிள்ளைகள் அவளுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். பாசா. மலாயில் ஈரம் என்று பொருள். அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்துவார்கள். நான் அதட்டினேன். அதட்டும்போதே தெரிந்தது, அந்த மூக்கைப் பிடிக்கிற கை எங்களுடையது. ஏழு பேரை வரவேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் நாங்கள். யாரைக் காட்டுவது, யாரை மறைப்பது என்று பிள்ளைகள் எங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். வாசிப்பை விட அதை நன்றாகக் கற்றிருந்தார்கள்.

அவளுடைய அம்மா ஒரு நாள் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். வேலைக்குப் போகிற உடுப்பு, முழங்கால் வரை பூட்ஸ், முகத்தில் சுற்றிய துணியைக் கழுத்துக்கு இறக்கி விட்டிருந்தார்.

"வேலை வாங்கற மண்டோர்கிட்ட அரை மணி நேரம் லீவு கேட்டுட்டு வந்தேன் டீச்சர். புள்ள ஸ்கூலுக்கு வரமாட்டேங்குது. சோறும் எறங்கல. என்னா நடந்துச்சுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

நான் சொன்னேன். முழுவதையும் சொல்லவில்லை. நான்தான் அடக்கிக்கொள்ளச் சொன்னேன் என்பதை விட்டுவிட்டேன்.

அவர் வண்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு, "புள்ளைங்க போற எடத்தக் காட்டுங்க," என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். தகரம் இன்னும் அங்கேதான் இருந்தது. அதை நகர்த்திவிட்டு உள்ளே போனவர், உடனே வெளியே வந்து, கழுத்துத் துணியை மூக்கு வரைக்கும் ஏற்றிக் கட்டிக்கொண்டார். வெட்டவெளியில் நாள் முழுக்க விஷமருந்து அடிக்கிற பெண். அவர் அந்த இடத்தில் முகத்தைக் கட்டிக்கொண்டது எனக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது.

"எங்க மாடு கூட இதுல நிக்காது டீச்சர்."

அதற்குள் தலைமையாசிரியர் வந்துவிட்டார். நிதானமாகத்தான் பேசினார். "அம்மா, சின்ன விசயம் லா இது. நீங்களும் வீட்டுல கொஞ்சம் பழக்கி அனுப்பணும்."

"பழக்கித்தான் சார் அனுப்பினேன். எம் புள்ள மூணு வயசுலேர்ந்து சொல்லிட்டுப் போற புள்ள. இங்க வந்துதான் அடக்கப் பழகிருச்சு."

"எல்லாப் புள்ளைங்களும் இருக்குதுங்க தானே, ஒண்ணும் ஆவலையே?"

"அதான் சார் எனக்கு பயமா இருக்கு."

அந்த மாதமே அவளைப் பக்கத்து ஊர் மலாய்ப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவளோடு அவளுடைய மாமா பிள்ளைகள் இரண்டு பேரும் போனார்கள். தமிழ்ப்பள்ளியைப் பெற்றோர்களே கைவிட்டால் எப்படி என்று தலைமையாசிரியர் காலைச் சபைகூடலில் உருக்கமாகப் பேசினார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். அவரும் ஒரு தோட்டத்துப் பள்ளியில் படித்து வந்தவர்தான். பள்ளியைக் காப்பாற்றுவதாகவே கடைசிவரை நம்பினார். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, ஓய்வுவேளைக்கு முன்னால், நான் அலுவலகத்துக்குப் போய்ச் சாவியை எடுத்தேன். கிராணி என்னைப் பார்த்துவிட்டுத் தன் வேலையில் குனிந்துகொண்டார். கழிவறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, என் வகுப்புப் பெண் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்தேன்.

"போங்க. ஒவ்வொருத்தரா போயிட்டு வாங்க."

யாரும் அசையவில்லை. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வெள்ளை ஓட்டைப் பார்த்துவிட்டுத் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். போட்டி நாளில் காய்ச்சல் வருகிற பெண் முதலில் குனிந்து, காலணியைக் கழற்றி, காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"டீச்சர், ஃபோட்டோ எடுக்கப் போறீங்களா?"

நல்ல இடத்துக்குள் அவளைக் கூப்பிட்டால் அது படத்துக்காகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "இல்லம்மா, ஒண்ணுக்குப் போக," என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தலைமையாசிரியர் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். பதில் எழுதினேன். பூட்டை மாற்றினார்கள். மூத்த ஆசிரியை என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். "ஹீரோயின் வந்துட்டாங்க லா," என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துச் சிரிப்பார்கள். பெண் பிள்ளைகளை நான் ஓய்வுவேளையில் தோட்டத்துக் கிளினிக்கின் கழிவறைக்கு நடத்திக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம். இதற்கும் ஒரு கடிதம் வந்தது.

ஒன்றரை ஆண்டு இப்படிப் போனது. பிறகு தலைமையாசிரியருக்குப் பதவி உயர்வு கிடைத்து, சிரம்பான் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்குப் போனார். அவருக்குப் பதிலாக வந்த அம்மையாருக்குப் பேச்சு குறைவு, சிடுசிடுப்பும் உண்டு. முதல் ஆசிரியர் கூட்டத்தில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"முன்னால இருக்கற தண்டாஸுக்கு இனிமே சின்னப் பிள்ளைங்க போகட்டும். நாமெல்லாம் பின்னால போவோம்."

"டீச்சர், அங்க தண்ணி இல்லீங்களே," என்றார் மூத்த ஆசிரியை.

"தெரியும்."

மூன்றாவது நாள் தொட்டியில் ஏறிப் பார்க்க ஆள் வந்தார். உள்ளே மிதவை ஒடிந்து குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்ற அவருக்கு ஒரு காலைப்பொழுது கூட ஆகவில்லை. வாரக்கடைசியில் ஆசிரியர்களே சேர்ந்து கதவு மாட்டினார்கள், தாழ்ப்பாள் போட்டார்கள், குழியைக் கழுவினார்கள். எத்தனையோ ஆண்டாகப் பிள்ளைகளால் அடக்க முடிந்ததை எங்களால் ஒரு வாரம் அடக்க முடியவில்லை. அந்த ஒடிந்த மிதவையை அவர் வெளியே எறிந்தபோது நான் அங்கேதான் நின்றேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக்.

அடைவுநிலையிலும் அந்த அம்மையார் கை வைத்தார். "தெரியாததத் தெரியாதுன்னு போடுங்க." போட்டோம். காகிதத்தில் பள்ளி அடியோடு சரிந்தது. மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து காரணம் கேட்டுவிட்டுப் போனார்கள். எந்தப் போட்டியிலும் நாங்கள் பெயர் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுதான் புத்தகங்களின் உறையைப் பிரித்தோம். யாருக்கு எழுத்துத் தெரியாது என்று எழுதி வைத்த பிறகு, அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருக்க வழி இல்லாமல் போனது. அப்போது ஆறாம் ஆண்டுக்கு வந்திருந்த அந்தக் காய்ச்சல் பெண், ஆண்டு முடிவதற்குள் ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறி வாசித்தாள். தாமதம்தான். இரண்டு ஆண்டுக்கு முன்னால் நான் போட்ட நாலு, அவளிடமிருந்து அந்த இரண்டு ஆண்டைத் திருடிக்கொண்டது.

போன மாதம் கெமாஸ் பசார் மாலம் இரவுச் சந்தையில் சாத்தே இறைச்சி சுடும் கடையருகே அந்த மருந்தடிக்கிற அம்மாவைப் பார்த்தேன். பக்கத்தில் மகள் நின்றாள், என் தோள் உயரம் வளர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் தலை குனிந்து, "செலாமாட் பெத்தாங், சிக்கு," என்றாள். ஆசிரியைக்கு வணக்கம் சொல்ல அவளுக்கு இப்போது வாயில் வருவது மலாய்தான்.

பள்ளி மாறிவிட்டது, சின்னவன் இருந்தால் அனுப்புங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"கேள்விப்பட்டேன் டீச்சர். நல்லதுதான். ஆனா வேணாங்க."

நான் மகள் பக்கம் திரும்பினேன். "அன்னைக்கு ரெண்டு வாட்டி என்கிட்ட வந்து கேட்டியேம்மா. நான்தான் அடக்கிக்கச் சொன்னேன். தப்பு என்னோடது."

அம்மா என்னைப் பார்த்தார். அதை அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை. மகள் கையிலிருந்த நெகிழிப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். கடைக்காரர் சாத்தேயைப் பொட்டலம் கட்டி நீட்டினார். அம்மா அதை வாங்கிக்கொண்டு, மகளின் முதுகில் கை வைத்து, என் பக்கம் திரும்பாமல் கூட்டத்துக்குள் நடந்தார்.